இரத்தப் புற்றுநோயாளிகளில் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று: நோயறிதலின் உறுதிநிலைகளும் மருந்துத் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் ஏற்படும் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று, ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்படும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும் நோயாகும். ஐயம் எழுந்தவுடன் அனைவருக்கும் மருந்து கொடுப்பதும் தீங்கற்றதன்று. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் மருத்துவ முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நோயறிதலின் மூன்று உறுதிநிலைகள், சி.டி. படக்குறிகள், காலக்டோமன்னன் சோதனையின் வலிமையும் வரம்பும், ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றையும் மியூக்கர்மைக்கோசிஸையும் பிரித்தறிதல், மருந்துத் தேர்வு, புற்றுநோய் மருந்துகளோடு நேரும் ஊடாட்டம் ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. ஒரு சோதனையின் விடைக்கு அச்சோதனை மட்டும் பொருள் தருவதில்லை. நோயாளியின் நிலையும் அவர் முன்பே பெற்ற மருந்தும் சேர்ந்தே பொருள் தருகின்றன என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்

இரத்தப் புற்றுநோய், நியூட்ரோபில் குறைவு, ஆஸ்பெர்ஜில்லஸ், மியூக்கர்மைக்கோசிஸ், காலக்டோமன்னன், வோரிகோனசோல், ஆம்போடெரிசின் பி.

முன்னுரை

கடும் லுகேமியாவுக்கு வேதிமருந்து பெறும் நோயாளியை இருவகை ஆபத்துகள் சூழ்ந்துள்ளன. ஒன்று புற்றுநோய். மற்றொன்று, அந்நோயும் அதற்கான மருந்தும் சேர்ந்து உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் நாள்களில் நேரும் தொற்று. பாக்டீரியாத் தொற்றுகளுக்கு விரைவான சோதனைகளும் பல மருந்துகளும் உள்ளன. பூஞ்சைத் தொற்றின் நிலை வேறு. அதன் அறிகுறிகள் மங்கலானவை; சோதனைகள் முழுமையற்றவை; மருந்து வகைகள் மிகச் சில.

உலக நலவாழ்வு அமைப்பு 2022 அக்டோபரில் முதன்முறையாக முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 பூஞ்சைகள் அல்லது பூஞ்சைக் குழுக்கள் இடம்பெற்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா ஆல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் ஆகிய நான்கும் மிக இன்றியமையாத பிரிவில் வைக்கப்பட்டன. மியூக்கோரேல்ஸ் அதற்கடுத்த உயர் முன்னுரிமைப் பிரிவில் உள்ளது. இவற்றுள் இரத்தப் புற்றுநோயாளிகளின் நுரையீரலைத் தாக்கும் இழைப்பூஞ்சைகளான ஆஸ்பெர்ஜில்லஸ், மியூக்கோரேல்ஸ் ஆகிய இரண்டையும் மையமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. தொற்று நேரும் சூழல்

ஆஸ்பெர்ஜில்லஸின் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. அவற்றின் குறுக்களவு ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோமீட்டர். ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை அவை செல்ல வல்லவை. நலமுள்ள மனிதர் நாள்தோறும் இவற்றைச் சுவாசிக்கிறார். நுரையீரலின் விழுங்கணுக்கள் வித்துகளை அழிக்கின்றன, தப்பி முளைத்து இழையாகும் பூஞ்சையை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அழிக்கின்றன.

கடும் மைலாய்டு லுகேமியாவுக்கான தொடக்கநிலை வேதிமருந்துக்குப் பின் இந்தப் பாதுகாப்பு தகர்கிறது. நியூட்ரோபில்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கி, 10 நாள்களுக்கு மேல் அந்நிலையிலேயே நீடிக்கக்கூடும். குறைவு எவ்வளவு ஆழமானதோ, எவ்வளவு நீண்டதோ, அவ்வளவுக்கு ஆபத்தும் மிகும். பிறரிடமிருந்து குருத்தணு பெற்றவர்களிடம் ஆபத்து வேறொரு வழியிலும் வருகிறது. பொருத்தப்பட்ட அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஒட்டு எதிர்ப்பு நோய்க்கு ஸ்டீராய்டு மருந்துகள் நீண்டகாலம் தரப்படுகின்றன. அப்போது நியூட்ரோபில்களின் எண்ணிக்கை இயல்பாக இருந்தாலும் அவற்றின் செயல்திறன் குன்றியிருக்கும்.

நியூட்ரோபில் குறைந்தவரிடம் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தே தோன்றுகின்றன. சளி, நெஞ்சுவலி போன்றவை இல்லாமல் காய்ச்சல் மட்டுமே இருக்கலாம். பரந்த வீச்சுள்ள பாக்டீரியா எதிர்ப்பு மருந்து கொடுத்தும் 4 முதல் 7 நாள்கள் வரை காய்ச்சல் தணியவில்லை என்பதே பலரிடம் பூஞ்சைத் தொற்றைக் குறித்த முதல் குறிப்பாக அமைகிறது.

2. உறுதியின் மூன்று நிலைகள்

ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு, சிகிச்சை அமைப்பும் அமெரிக்காவின் பூஞ்சைநோய் ஆய்வுக்குழுவும் இணைந்து ஊடுருவும் பூஞ்சை நோய்க்கான வரையறைகளை 2002-இல் வெளியிட்டன. அவை 2008-இலும் 2020-இலும் திருத்தப்பட்டன. இவ்வரையறைகள் நோயை உறுதியானது, பெரும்பாலும் உள்ளது, இருக்கக்கூடியது என மூன்று நிலைகளாகப் பகுக்கின்றன.

திசுவில் பூஞ்சை இழைகள் ஊடுருவியிருப்பதை நுண்ணோக்கியில் காண்பதும், இயல்பாக நுண்ணுயிரற்ற உடற்பகுதியிலிருந்து எடுத்த மாதிரியில் பூஞ்சை வளர்வதும் உறுதியான நோய்க்குச் சான்றாகும். நோயாளிசார் காரணி, சி.டி. படத்தில் காணும் மருத்துவக் குறி, பூஞ்சையியல் சான்று ஆகிய மூன்றும் கூடினால் நோய் பெரும்பாலும் உள்ளதாகக் கருதப்படுகிறது. முதல் இரண்டு மட்டும் இருந்து மூன்றாவது கிட்டாதபோது நோய் இருக்கக்கூடியது என வகைப்படுத்தப்படுகிறது.

இரத்தப் புற்றுநோயாளிகளிடம் உறுதியான நிலையை அடைவது அரிது. திசுப் பரிசோதனைக்கு ஊசி செலுத்தினால் இரத்தப்போக்கு நேரலாம். நியூட்ரோபில் குறையும் அதே நாள்களில் தட்டணுக்களும் குறைந்திருப்பதே காரணம். ஆகவே பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் நிலையிலேயே சிகிச்சை தொடங்க வேண்டியுள்ளது.

இவ்வரையறைகள் மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளை ஒரே அளவுகோலால் சேர்ப்பதற்காக உருவானவை. தனி நோயாளிக்கு மருந்து தொடங்குவதா என்பதைத் தீர்மானிக்க இயற்றப்பட்டவை அல்ல. ஒருவர் எந்த நிலையிலும் அடங்கவில்லை என்பதால் அவருக்கு நோய் இல்லை என்று ஆகாது. ஆய்வுக்கான அளவுகோலைப் படுக்கையருகே சட்டமாகக் கொண்டால், சான்று கூடும் முன்பே நோயாளியை இழக்க நேரிடும்.

3. சி.டி. படம் காட்டும் குறிகள்

நெஞ்சின் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் தொடக்கநிலைத் தொற்றைத் தவறவிடக்கூடும். நுண்பிரிப்பு சி.டி. ஸ்கேன் இத்துறையின் முதன்மைச் சோதனையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் இழைகள் இரத்தக்குழாய்களைத் துளைத்து உள்ளே வளர்கின்றன. குழாய் அடைபட்டு அதற்கப்பாலுள்ள திசு மடிகிறது. சுற்றிலும் இரத்தம் கசிகிறது. படத்தில் மடிந்த திசு அடர்ந்த முடிச்சாகவும், கசிந்த இரத்தம் அதைச் சூழ்ந்த மங்கலான வளையமாகவும் தெரிகின்றன. இதுவே ஒளிவட்டக் குறி. நியூட்ரோபில்கள் மீளும்போது மடிந்த திசு சுருங்கிப் பிரிய, இடையில் காற்று புகுந்து பிறை வடிவம் உண்டாகிறது. இது காற்றுப் பிறைக் குறி எனப்படும்.

இவ்விரு குறிகளும் காலத்தால் வேறுபட்டவை. நியூட்ரோபில் குறைந்த 25 நோயாளிகளைத் தொடர்ந்து படமெடுத்து 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், முதல் நாளில் 24 பேரிடம் ஒளிவட்டக் குறி இருந்தது. 14-ஆம் நாளில் அது 19 விழுக்காட்டினரிடம் மட்டுமே எஞ்சியது. முதல் நாளில் எவரிடமும் இல்லாத காற்றுப் பிறைக் குறி 14-ஆம் நாளில் 63 விழுக்காட்டினரிடம் தோன்றியது. எனவே படம் ஒரு வாரம் தாமதமானால் மிகப் பயனுள்ள குறி மறைந்துவிடலாம்.

சரியான மருந்து கொடுக்கப்பட்ட பின்னரும் முதல் வாரத்தில் முடிச்சுகள் பெருக்கக்கூடும் என்பதையும் இவ்வாய்வு காட்டியது. அப்பெருக்கத்தைச் சிகிச்சையின் தோல்வி எனக் கொண்டு மருந்தை மாற்றுவது தவறாகலாம். இதனால்தான் மறுபடம் எடுக்கக் குறைந்தது இரண்டு வாரம் பொறுக்குமாறு வழிகாட்டுநெறிகள் கூறுகின்றன; நோயாளியின் நிலை மோசமானால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

4. காலக்டோமன்னன் சோதனையின் வலிமையும் வரம்பும்

காலக்டோமன்னன் என்பது ஆஸ்பெர்ஜில்லஸின் செல்சுவரில் உள்ள ஒரு பலசர்க்கரைப் பொருள். பூஞ்சை இழை வளரும்போது இது வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. இரத்த ஊனீரிலும், மூச்சுக்குழாய் உள்நோக்கி வழியாக எடுக்கப்படும் நுரையீரல் கழுவுநீரிலும் இதனை அளக்கலாம். 2020-ஆம் ஆண்டு வரையறையின்படி ஊனீரில் அல்லது கழுவுநீரில் குறியீட்டெண் 1.0 அல்லது அதற்கு மேல் இருப்பது பூஞ்சையியல் சான்றாகும். ஊனீரில் 0.7-உம் கழுவுநீரில் 0.8-உம் எட்டினால் இரண்டும் சேர்ந்து சான்றாகக் கொள்ளப்படும்.

இச்சோதனையின் பொருள் யாரிடம் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. 2007-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, நியூட்ரோபில் குறைந்த லுகேமியா நோயாளிகளுக்குப் போசகோனசோலை முற்காப்பு மருந்தாகத் தந்து ஃபுளூகோனசோல் அல்லது இட்ராகோனசோலுடன் ஒப்பிட்டது. ஊடுருவும் பூஞ்சைத் தொற்று பின்னவற்றைப் பெற்றோரில் 8 விழுக்காடாகவும் போசகோனசோல் பெற்றோரில் 2 விழுக்காடாகவும் இருந்தது.

இவ்விரு விகிதங்களையும் கொண்டு ஒரு கணக்கிடலாம். நோயுள்ளோரில் 80 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டி, நோயற்றோரில் 10 விழுக்காட்டினரைத் தவறாகக் காட்டும் ஒரு சோதனை இருப்பதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். 1000 பேரில் 8 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தால், உண்மையான நேர்விடைகள் 64, பொய்யானவை 92. நேர்விடை பெற்றவருக்கு உண்மையில் நோய் இருப்பதற்கான வாய்ப்பு 41 விழுக்காடு. நோய் 2 விழுக்காட்டினருக்கே இருந்தால், உண்மையான நேர்விடைகள் 16, பொய்யானவை 98. வாய்ப்பு 14 விழுக்காடாகச் சரிகிறது. சோதனை மாறவில்லை; முற்காப்பு மருந்து நோயைக் குறைத்ததால் சோதனையின் விடைக்குரிய பொருள் மாறிவிட்டது.

இழைப்பூஞ்சைகளுக்கு எதிரான முற்காப்பு மருந்தைப் பெறுவோரிடம் அறிகுறியில்லாத நிலையில் ஊனீர்க் காலக்டோமன்னனை வழக்கமாகச் சோதிக்க வேண்டாம் என்று 2016-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுநெறி கூறுவதன் அடிப்படை இதுவே. அத்தகையவருக்குக் காய்ச்சல் நீடித்தாலோ படத்தில் முடிச்சு தெரிந்தாலோ, அப்போது சோதிப்பது பொருளுடையது. அச்சூழலில் கழுவுநீர்ச் சோதனை ஊனீர்ச் சோதனையை விட நுண்மையானது.

பீட்டா-டி-குளூக்கன் என்னும் மற்றொரு சோதனை கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் உள்ளிட்ட பல பூஞ்சைகளில் நேர்விடை தருகிறது. எந்தப் பூஞ்சை என்பதை அது சுட்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டு வரையறை அதனை இழைப்பூஞ்சை நோய்க்குச் சான்றாக ஏற்கவில்லை, பி.சி.ஆர். முறையில் ஆஸ்பெர்ஜில்லஸின் டி.என்.ஏ.வைக் கண்டறிவதைச் சான்றாகப் புதிதாகச் சேர்த்தது.

5. ஆஸ்பெர்ஜில்லஸா, மியூக்கோரேல்ஸா?

மருந்துத் தேர்வில் நேரக்கூடிய மிகப் பெரிய பிழை இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாகும். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல்நிலை மருந்தான வோரிகோனசோல் மியூக்கோரேல்ஸின்மேல் செயல்படுவதில்லை. மியூக்கோரேல்ஸின் செல்சுவரில் காலக்டோமன்னன் இல்லை. பீட்டா குளூக்கன் மிகக் குறைவு. ஆகவே இரு இரத்தச் சோதனைகளும் எதிர்விடை தரும். பீட்டா குளூக்கன் உருவாவதைத் தடுக்கும் எக்கினோகாண்டின் மருந்துகள் இப்பூஞ்சையிடம் தனித்து வலுவற்றுப் போவதையும் இதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே படத்தில் முடிச்சுகள் இருந்து காலக்டோமன்னன் எதிர்விடை தந்தால், 'பூஞ்சை இல்லை' என்று முடிவுசெய்வதற்கு முன் மியூக்கர்மைக்கோசிஸை எண்ணிப் பார்க்க வேண்டும். சில குறிப்புகள் இதற்குத் துணைசெய்கின்றன. மூக்கின் பக்க அறைகளில் தொற்று, 10-க்கும் மேற்பட்ட முடிச்சுகள், நுரையீரல் உறையில் நீர், நோயாளி முன்பே வோரிகோனசோல் பெற்றிருத்தல் ஆகியவை மியூக்கர்மைக்கோசிஸைச் சுட்டுவதாக 2005-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. நடுவில் மங்கலாகவும் சுற்றிலும் அடர்ந்தும் தெரியும் தலைகீழ் ஒளிவட்டக் குறி இன்னும் வலுவான குறிப்பு. நியூட்ரோபில் குறைந்த லுகேமியா நோயாளிகளில் நுரையீரல் மியூக்கர்மைக்கோசிஸ் கண்ட 16 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், முதல் வாரத்தில் 15 பேரிடம் இக்குறி இருந்தது.

திசு கிடைக்குமானால் நுண்ணோக்கியே விரைவான விடை தரும். ஆஸ்பெர்ஜில்லஸின் இழைகள் மெல்லியவை. குறுக்குச் சுவர்களுடன் குறுங்கோணத்தில் கிளைப்பவை. மியூக்கோரேல்ஸின் இழைகள் அகன்று நாடாப்போல் மடிந்தவை. குறுக்குச் சுவர்கள் அரிதானவை. விரிகோணத்திலோ செங்கோணத்திலோ கிளைப்பவை.

தாமதத்தின் விலையை 2008-இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வு எண்களில் காட்டியது. மியூக்கர்மைக்கோசிஸ் கண்ட 70 இரத்தப் புற்றுநோயாளிகளில், ஆம்போடெரிசின் பி சார்ந்த சிகிச்சையை 6 நாள்களோ அதற்கு மேலோ தாமதித்துத் தொடங்கியோரில் 82.9 விழுக்காட்டினர் 12 வாரங்களுக்குள் இறந்தனர். முன்னதாகத் தொடங்கியோரில் இது 48.6 விழுக்காடு.

இந்நோயின் பெயர் குறித்தும் ஒரு தெளிவு தேவை. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் இது பரவலாகக் காணப்பட்டது; அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு இதனைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அப்போது 'கருப்புப் பூஞ்சை' என்னும் பெயர் தமிழில் வேரூன்றியது. ஆனால் இப்பூஞ்சை கருமையானதன்று. இரத்த ஓட்டம் தடைபட்டு மடிந்த திசுவே கருமை அடைகிறது. பூஞ்சையியலில் கரும்பூஞ்சைகள் எனப்படுபவை கருநிறமி கொண்ட வேறு இனங்கள். மேலும் அன்று பெரும்பாலும் நீரிழிவுள்ளோரிடம், மூக்கையும் கண்ணையும் தாக்கிய நோயாக இது அறியப்பட்டது. இரத்தப் புற்றுநோயாளிகளிடம் இது பெரும்பாலும் நுரையீரலில் தோன்றுகிறது. அங்கே கருமை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கருமையைத் தேடும் கண்ணுக்கு இந்நோய் தப்பிவிடும் என்பதால், தமிழில் எழுதுவோர் மியூக்கர்மைக்கோசிஸ் என்ற பெயரையே ஆள்வது பொருத்தமானது.

6. மருந்துத் தேர்வு

பூஞ்சை மருந்துகளில் மூன்று வகைகள் முதன்மையானவை. ஆம்போடெரிசின் பி பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கிறது. அசோல்கள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. எக்கினோகாண்டின்கள் செல்சுவரின் குளூக்கனைத் தடுக்கின்றன.

ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கு வோரிகோனசோலையும் மரபான ஆம்போடெரிசினையும் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டு ஆய்வில், 12 வார முடிவில் உயிர்வாழ்ந்தோர் முறையே 70.8, 57.9 விழுக்காடு. 2016-இல் ஐசாவுகோனசோலும் 2021-இல் போசகோனசோலும் வோரிகோனசோலுக்குக் குறைந்தவை அல்ல என நிறுவப்பட்டன. சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் நீடிக்கும்.

அளவை உயர்த்துவதால் பயன் உயரும் என்பதில்லை. லிப்போசோம் வடிவ ஆம்போடெரிசினை, முதன்மையாக ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுள்ளோரிடம், உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி., 10 மி.கி. என இரு அளவுகளில் ஒப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வில் உயர்ந்த அளவால் கூடுதல் பயன் இல்லை. சிறுநீரகப் பாதிப்பே மிகுந்தது. மியூக்கர்மைக்கோசிஸுக்கு மட்டும் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. பரிந்துரைக்கப்படுகிறது. இயன்ற இடத்தில் மடிந்த திசுவை அறுவை மூலம் அகற்றுவதும் அச்சிகிச்சையின் பகுதியாகும். கேண்டிடா இரத்தத்தில் கலந்த நிலையில் எக்கினோகாண்டின் முதல்நிலை மருந்து. மையச் சிரைக்குழாய் இருப்பின் இயன்றவரை அகற்றப்படுகிறது.

7. சான்றுக்கு முன் மருந்தா, சான்றின்வழி மருந்தா?

காய்ச்சல் நீடித்தவுடன் சான்றின்றி மருந்து தொடங்குவது அனுமானச் சிகிச்சை. சி.டி. படமோ காலக்டோமன்னனோ குறிப்புத் தந்த பின்னரே தொடங்குவது சான்றுவழி முன்சிகிச்சை. 2009-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில் அனுமானச் சிகிச்சை பெற்றோரில் 97.3 விழுக்காட்டினரும் சான்றுவழிச் சிகிச்சை பெற்றோரில் 95.1 விழுக்காட்டினரும் உயிர்வாழ்ந்தனர். ஆயினும் ஊடுருவும் தொற்று முன்னவரில் 2.7 விழுக்காடாகவும் பின்னவரில் 9.1 விழுக்காடாகவும் இருந்தது. 2023-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 42-ஆம் நாளில் உயிர்வாழ்ந்தோர் சான்றுவழிப் பிரிவில் 96.7, அனுமானப் பிரிவில் 93.1 விழுக்காடு, பூஞ்சை மருந்து பெற்றோரோ முறையே 27, 63 விழுக்காடு.

பாதிக்கும் குறைவானோருக்கு மருந்து கொடுத்தும் உயிரிழப்பு மிகவில்லை என்பது பெரிய ஆதாயம். ஆனால் அந்த ஆதாயம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. வாரம் இருமுறையேனும் காலக்டோமன்னன் அளக்கப்பட்டு, அதன் விடை ஓரிரு நாள்களில் கிடைத்து, சி.டி. ஸ்கேன் தாமதமின்றி எடுக்கப்படும் இடத்திலேயே சான்றுக்குக் காத்திருப்பது பாதுகாப்பானது. மாதிரியை வேறோர் ஊருக்கு அனுப்பி விடைக்கு ஒரு வாரம் காத்திருக்கும் மருத்துவமனையில் இந்நெறி வேறு பொருள் பெறும். அங்கே அனுமானச் சிகிச்சையைப் பழைய முறை என்று ஒதுக்க இயலாது.

8. புற்றுநோய் மருந்துகளோடு ஊடாட்டம்

அசோல்கள் கல்லீரலின் சி.ஒய்.பி. 3ஏ4 நொதியைத் தடுக்கின்றன. கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவின் அடிப்படை மருந்தான வின்கிறிஸ்டின் இந்நொதியாலேயே சிதைக்கப்படுகிறது. இரண்டும் சேரும்போது கடுமையான நரம்புப் பாதிப்பு, குடல் இயக்கம் நின்றுபோதல், வலிப்பு ஆகியன நேரலாம். அத்தகையோருக்கு எக்கினோகாண்டினோ லிப்போசோம் ஆம்போடெரிசினோ ஏற்றது. கடும் மைலாய்டு லுகேமியாவில் அசாசிடிடினுடன் நாளொன்றுக்கு 400 மி.கி. தரப்படும் வெனிடோகிளாக்ஸ், போசகோனசோலுடன் தரப்படும்போது 70 மி.கி. ஆகக் குறைக்கப்பட வேண்டும் என அமெரிக்க மருந்துக்குறிப்பு கூறுகிறது.

வோரிகோனசோல் மற்றொரு நொதியான சி.ஒய்.பி. 2சி19-ஆல் முதன்மையாகச் சிதைக்கப்படுகிறது. இந்நொதியின் வேகம் மரபணுவால் மாறுபடுவதால், ஒரே அளவு மருந்து ஒருவருக்குப் போதாமலும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் ஆகலாம். 2008-ஆம் ஆண்டு ஆய்வில், இரத்தத்தில் மருந்தளவு லிட்டருக்கு 1 மி.கி. அல்லது அதற்குக் கீழ் இருந்தோரில் 46 விழுக்காட்டினரிடம் சிகிச்சை பலனளிக்கவில்லை. அதற்கு மேல் இருந்தோரில் இது 12 விழுக்காடு. 5.5 மி.கி.க்கு மேற்பட்டோரில் 31 விழுக்காட்டினரிடம் மூளைச் செயற்பாட்டுக் குழப்பம் காணப்பட்டது. ஆகவே மருந்தளவைக் குருதியில் அளந்து திருத்துவது இம்மருந்துச் சிகிச்சையின் இன்றியமையாத பகுதி.

முடிவுரை

இரத்தப் புற்றுநோயாளியின் பூஞ்சைத் தொற்றை எந்த ஒரு சோதனையும் தனித்து முடிவுசெய்வதில்லை. சி.டி. படத்தின் குறி அது எடுக்கப்பட்ட நாளைச் சார்ந்தது. காலக்டோமன்னனின் நேர்விடை முற்காப்பு மருந்தால் வலுவிழக்கிறது. அதன் எதிர்விடை மியூக்கர்மைக்கோசிஸை விலக்குவதில்லை. மருந்தின் தேர்வு பூஞ்சையின் இனத்தைப் போலவே நோயாளி பெறும் புற்றுநோய் மருந்தையும் சார்ந்தது.

தொற்று கட்டுக்குள் வந்தபின் வேதிமருந்தையோ குருத்தணு மாற்றையோ தொடர்வதற்கு அது முழுத் தடையன்று. ஆனால் தொற்று அறியப்படாமல் நீடித்தால் புற்றுநோய்ச் சிகிச்சையும் தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் லுகேமியா மீளக்கூடும். எனவே விரைந்த சி.டி. படம், ஓரிரு நாள்களில் கிடைக்கும் காலக்டோமன்னன் விடை, பூஞ்சை இழைகளை வேறுபடுத்தி அறியும் நுண்ணோக்கிப் பயிற்சி, மருந்தளவு காணும் ஆய்வகம் ஆகிய நான்கும் புற்றுநோய்ச் சிகிச்சையின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. இவை இல்லாத இடத்தில் விலையுயர்ந்த மருந்து கையில் இருந்தும், அதனை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பது தெளிவற்றே இருக்கும்.